விஜயகாந்த்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் கடைசியில் சென்னைத் தீவுத்திடலில் அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்டத்தைப் பார்த்த பிறகு, விஜயகாந்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாதிப்பேர் அவரை மீமில் மட்டுமே பார்த்த வயதுக்காரர்கள். மீதிப்பேர் படங்களையெல்லாம் பார்த்தவர்கள், ஆனால் கட்சிக் கணக்கில் குழம்பிப் போனவர்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

விஜயகாந்த்னு பெத்தவங்க வச்ச பேரா? ஊர் மதுரைதானே?

வீட்டில் வைத்த பெயர் விஜயராஜ். அப்பா அழகர்சாமி, அம்மா ஆண்டாள். பிறந்தது 1952 ஆகஸ்ட் 25, மதுரையை ஒட்டிய திருமங்கலத்தில். வளர்ந்தது மதுரையில். அப்பாவுக்கு அங்கே அரிசி ஆலை இருந்தது. படிப்பில் நாட்டம் இல்லை, சினிமாவில் ஏகப்பட்ட நாட்டம். ஆலை வேலையைக் கொஞ்ச காலம் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார்.

சினிமாவுக்கு வந்ததும் 'ராஜ்' போய் 'காந்த்' வந்தது. அது ரஜினிகாந்த் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த காலம் என்பதைச் சொன்னால் மீதி உங்களுக்கே புரியும்.

முதல் படத்துல வில்லனாமே, நிஜமா?

நிஜம்தான். 1979இல் எம்.ஏ.காஜா இயக்கிய 'இனிக்கும் இளமை'யில் எதிர்மறை வேடம். அடுத்த ஆண்டு வந்த 'தூரத்து இடிமுழக்கம்' நல்ல பெயர் வாங்கித் தந்தது, பெரிய வசூல் தரவில்லை. அவரை நிறுத்திவைத்த படம் 1981இல் எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை'. அதே கதை தெலுங்கில் சிரஞ்சீவிக்குப் போனது. இந்தியில் 'அந்தா கானூன்' ஆகி, ரஜினியின் முதல் இந்திப் படமானது. கருப்பு நிறம் என்று சொல்லிச் சில நடிகைகள் ஜோடி சேரத் தயங்கிய ஒரு புது நடிகரின் படம்தான் பல மொழிகளைச் சுற்றி வந்தது.

ஒரே வருஷத்துல 18 படம்னு சொல்றாங்களே, கொஞ்சம் ஓவரா இல்ல?

1984ஆம் ஆண்டைத்தான் சொல்கிறார்கள். அன்றைய நிலவரத்தில் அது ஓவர் இல்லை. எண்பதுகளில் முன்னணி நடிகர்கள் காலையில் ஒரு படம், இரவில் ஒரு படம் என்று மாறி மாறி நடித்தார்கள். ஒரு படம் ஓரிரு மாதங்களில் முடிந்துவிடும். அந்த ஆண்டில் வந்ததில் பலவற்றை அவருடைய தீவிர ரசிகர்களே மறந்துவிட்டார்கள். நிலைத்து நின்றது 'வைதேகி காத்திருந்தாள்'. அடிதடி நாயகன் என்று முத்திரை குத்தப்பட்டவர், பேச்சைக் குறைத்து, துக்கத்தைச் சுமந்த வெள்ளைச்சாமியாக வந்து உட்கார்ந்த படம் அது.

மொத்தக் கணக்கு 150 படங்களுக்கு மேல். மற்ற மொழிகளுக்கு மொழிமாற்றமாகப் போனதே தவிர, அவர் தமிழைத் தாண்டி நடிக்கப் போகவில்லை.

அப்போ நடிகரா அவர் பெருசா என்ன பண்ணிட்டார்? சுவத்துல கால் வச்சு அடிச்சது தவிர?

அந்தச் சண்டையையே குறைத்துச் சொல்ல வேண்டாம். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, உடம்பைத் திருப்பி, மறு காலால் எதிராளியை அடிப்பதை அவர் டூப் போடாமல் செய்தார். அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய காரியம், புது ஆட்களை நம்பியது. 1986இல் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள், ஆபாவாணன் தலைமையில், 'ஊமை விழிகள்' எடுக்கத் தொடங்கினார்கள். அகலத்திரைப் படம், பெரிய செலவு, முன் அனுபவம் கிடையாது. திரைப்படக் கல்லூரி ஆட்கள் கலைப்படம்தான் எடுப்பார்கள், அது ஓடாது என்று கோடம்பாக்கம் நினைத்திருந்த நேரம். விஜயகாந்த் தன் வயதைவிட மூத்த போலீஸ் அதிகாரியாக, குடும்பஸ்தராக நடிக்க ஒப்புக்கொண்டார். அந்த வேடத்துக்குக் காதல் பாட்டும் இல்லை. படம் ஓடியது, கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. பின்னாளில் ஆர்.கே.செல்வமணிக்கு 'புலன் விசாரணை' கிடைத்ததும் இந்த வழியில்தான். இதிலெல்லாம் அவருடைய பால்ய நண்பர் இப்ராகிம் ராவுத்தரின் பங்கு பெரிது. கதை கேட்பது, ஆளைத் தேர்ந்தெடுப்பது, படம் தயாரிப்பது என்று பின்னால் நின்றவர் அவர். இருவரும் பிற்காலத்தில் பிரிந்தார்கள்.

விருதுகளைக் கேட்பவர்களுக்கு: 'செந்தூரப் பூவே'வுக்கு மாநில அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 2000இல் வந்த 'வானத்தைப் போல' சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

கேப்டன்னு ஏன் கூப்பிடறாங்க? ராணுவத்துல இருந்தாரா?

இல்லை. 1991இல் வந்த அவருடைய 100வது படம் 'கேப்டன் பிரபாகரன்'. பட்டம் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. படத்திலும்கூட அவர் ராணுவக்காரர் அல்ல, சந்தனக் கடத்தல்காரனைத் தேடிக் காட்டுக்குள் போகும் வனத்துறை அதிகாரி. 100வது படம் என்றால் நாயகர்களுக்கு ராசி இல்லை என்று ஒரு பேச்சு அப்போது இருந்தது. ரஜினியின் 'ஸ்ரீ ராகவேந்திரர்', கமலின் 'ராஜபார்வை' இரண்டும் வசூலில் ஏமாற்றியிருந்தன. இவருடையது சக்கைப்போடு போட்டதால் பட்டமும் பலமாக நிலைத்தது.

பிரபாகரன் என்ற பெயர் தற்செயல் அல்ல. ஈழத் தமிழர் விஷயத்தில் அவருக்கு வெளிப்படையான ஈடுபாடு இருந்தது. மூத்த மகனுக்கு விஜய பிரபாகரன் என்று பெயர் வைத்தார்.

சாப்பாடு போட்டார், சாப்பாடு போட்டார்ங்கறாங்களே. அது செத்ததுக்கு அப்புறம் கட்டின கதையா?

கட்டுக்கதை இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே, அவரோடு ஒத்துப்போகாதவர்களும் சொன்னதுதான். இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் அந்தக் காலப் படப்பிடிப்பின் சாப்பாட்டு வரிசை தெரிய வேண்டும். நாயகனுக்கும் இயக்குநருக்கும் ஒரு சாப்பாடு, அடுத்த கட்டத்துக்கு வேறு, லைட்மேனுக்கும் துணை நடிகருக்கும் பொட்டலச் சோறு. தன் படங்களில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று அவர் பிடிவாதமாக நின்றார். தான் சாப்பிடும் கறியும் மீனும் கடைசி ஆளின் இலைக்கும் வர வேண்டும்.

தி.நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி வந்தவர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடலாம். நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பின்னாளில் பெயர் வாங்கிய பலர் அங்கே கை நனைத்ததை மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்ற பெயருக்கு நிறத்தைவிட இந்தப் பந்திதான் காரணம்.

நடிகர் சங்கக் கடனை அடைச்சது அவரா?

ஆமாம், அவர் தலைவராக இருந்தபோதுதான். சங்கம் பல ஆண்டுகளாகக் கடனில் கிடந்தது. 2000களின் தொடக்கத்தில் நடிகர் நடிகைகளைத் திரட்டி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிப்போய் நட்சத்திர இரவுகள் நடத்தி, வந்த பணத்தில் கடனை அடைத்தார்கள். ஒரு பெரிய நடிகரை விமானத்தில் ஏற்றுவதே பாடு. அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கிளப்பியது சாதாரண வேலை இல்லை.

2002 அக்டோபரில் காவிரிக்காக நெய்வேலியில் திரையுலகம் நடத்திய பேரணியும் அவர் பதவியில் இருந்தபோதுதான் நடந்தது. ரஜினி அதற்கு வராமல் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தது அப்போது பெரிய சர்ச்சை. கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் திறமை விஜயகாந்துக்கு இருக்கிறது என்று அரசியல்வாதிகள் குறித்துக்கொண்ட நாள் அது என்று நினைக்கிறேன்.

கட்சியை திடீர்னு ஆரம்பிச்சாரா?

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் திடீர். உள்ளே பல ஆண்டு வேலை. ரசிகர் மன்றங்கள் ஊர் ஊராக இருந்தன, ரத்த தானம், தையல் இயந்திரம், நோட்டுப் புத்தகம் என்று நற்பணி செய்துகொண்டிருந்தன. உள்ளாட்சித் தேர்தலில் மன்றத்து ஆட்கள் சுயேச்சையாக நின்று ஜெயித்தும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேசிய முற்போக்கு திராவிட கழகம் (தேமுதிக) பிறந்தது. கருணாநிதியும் ஜெயலலிதாவும் முழு பலத்தோடு இருந்த நேரம் என்பதை மறக்கக் கூடாது. களம் காலியானதும் வந்தவர் அல்ல.

முதல் தேர்தல்ல ஒரே ஒரு சீட்டுதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பில்டப்?

2006இல் 232 தொகுதிகளில் தனியாக நின்றார்கள். ஜெயித்தது அவர் மட்டும், விருத்தாசலத்தில். ஆனால் மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு. கூட்டணி இல்லாமல், பணபலம் இல்லாமல், கட்சி தொடங்கிய எட்டாவது மாதத்தில். பல தொகுதிகளில் வெற்றி தோல்வி வித்தியாசத்தைவிட அவர்கள் சின்னமான முரசு வாங்கிய வாக்கு அதிகம்.

விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு முறுக்கு இருக்கிறது. அது பாமகவின் கோட்டை. ராமதாசோடு அவருக்கு உரசல் இருந்த நேரத்தில், அவர்கள் கோட்டைக்குள்ளேயே போய் நின்று 13,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஊர்க் கோயிலின் சுவாமி விருத்தகிரீஸ்வரர். 2010இல் அவரே இயக்கி நடித்த படத்துக்கு 'விருதகிரி' என்று பெயர் வைத்தார்.

10 சதவீத ஓட்டு வாங்கினப்போ பூஜ்யம், 7.9 வாங்கினப்போ 29 சீட்டு. கணக்கு இடிக்குதே?

இடிக்கவில்லை. 2009 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 10 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். நம் தேர்தல் முறையில் ஊரெங்கும் பரவிக் கிடக்கும் 10 சதவீதத்துக்கு ஒரு எம்.பி.கூடக் கிடைக்காது. 2011இல் அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில் மட்டும் நின்று 29ஐப் பிடித்தார்கள். அந்த 7.9 சதவீதத்தில் பெரும்பகுதி இரட்டை இலைக்காரர்கள் முரசில் குத்தியது.

அவருடைய அரசியல் வாழ்க்கையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன். தனியாக நின்றபோது செல்வாக்கு உச்சம், சீட்டு இல்லை. சேர்ந்து நின்றபோது சீட்டு உச்சம், செல்வாக்கு அன்றிலிருந்து இறங்குமுகம். இரண்டு கட்சிகளும் வேண்டாம் என்றவர்கள் போட்ட வாக்குதான் அவருடைய முதல். அதில் ஒன்றோடு கை கோர்த்ததும் அந்த வாக்காளர்களுக்கு அவரிடம் வேலை இல்லாமல் போயிற்று.

ஜெயிச்ச கூட்டணியில இருந்துட்டு எப்படி எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்?

2011இல் அதிமுகவுக்குத் தனியாகவே 150 இடம். அவர்களுக்குத் துணை தேவைப்படவில்லை. திமுக 23இல் நின்றுவிட்டது. 29 வைத்திருந்த தேமுதிக இரண்டாவது பெரிய கட்சி, அதனால் ரிஷிவந்தியம் எம்.எல்.ஏ.வான விஜயகாந்துக்கு அந்த நாற்காலி. ஐந்து முறை முதல்வராக இருந்த கருணாநிதியின் கட்சிக்குக் கிடைக்காத நாற்காலி அது.

சில மாதங்களிலேயே கூட்டணி கசந்தது. 2012 பிப்ரவரி 1 அன்று சட்டமன்றத்தில் பால் விலை, பேருந்துக் கட்டண உயர்வு பற்றிப் பேச்சு வந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து கூச்சல். அவர் எழுந்து நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலை நீட்டினார். எதிரே முதல்வர் ஜெயலலிதா உட்கார்ந்திருக்கிறார். அந்த அவையில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பத்து நாள் இடைநீக்கம் கிடைத்தது. அப்புறம் அவதூறு வழக்குகள் வரிசையாக வந்தன.

அந்தப் பதவி கடைசி வரைக்கும் இருந்ததா?

இல்லை. அவருடைய எம்.எல்.ஏ.க்கள் தொகுதிப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக முதல்வரைச் சந்திக்க ஆரம்பித்தார்கள். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்து அனுபவப்பட்ட பண்ருட்டி ராமச்சந்திரன் 2013இல் கட்சியையும் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். 2016 பிப்ரவரியில் அதிருப்தியாளர்கள் எட்டுப் பேர் ராஜினாமா செய்ததும் 29 என்பது 20 ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குக் குறைந்தது 24 பேர் வேண்டும். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் பதவி போயிற்று.

பத்திரிகைக்காரங்க மேல துப்பினது உண்மையா? மீம் எல்லாம் பார்த்தா காமெடியனா தெரியறாரே.

2015 டிசம்பரில் நடந்தது. சென்னையில் ஒரு ரத்த தான முகாம் முடிந்து வந்தவரிடம், அடுத்த தேர்தலில் அதிமுக மீண்டும் வருமா என்று கேட்டார்கள். இதே மாதிரி ஜெயலலிதாவிடம் போய்க் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா என்ற பொருளில் திருப்பிக் கேட்டுவிட்டு, 'தூ' என்றார். துப்பியது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

மீம்களைப் பொறுத்தவரை, அவற்றில் பாதி 2012க்குப் பிந்தைய காணொளிகள். நாக்குக் குழறியது, நடை தடுமாறியது எல்லாவற்றையும் குடி என்று ஊர் முடிவு கட்டிச் சிரித்தது. அவர் உடல்நலம் கெட்டுச் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் சிகிச்சைக்குப் போய்வந்தவர். 2022இல் நீரிழிவால் காலில் விரல்களை எடுக்க வேண்டிவந்தது. இவர் பேசுவது புரியாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் நோய்தான். அஞ்சலிப் பதிவு எழுதியவர்களில் பலர் முன்பு அந்த மீம்களைப் பகிர்ந்தவர்கள்தான். அதை நான் குத்தலாகவே சொல்கிறேன்.

2016ல திமுகவோட போயிருந்தா கதையே வேறயா இருந்திருக்குமா?

இருந்திருக்கலாம். கருணாநிதி பழம் பாலில் விழுமென்று வெளிப்படையாகவே காத்திருந்தார். மார்ச்சில் விஜயகாந்த் வைகோ, திருமாவளவன், இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியோடு போனார், முதல்வர் வேட்பாளர் ஆனார். பிறகு வாசனின் தமாகாவும் வந்தது. ஆறு கட்சிக்கும் சேர்த்து ஒரு சீட்டு வரவில்லை. அதிமுக அணிக்கும் திமுக அணிக்கும் இடையே வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். தேமுதிக வாங்கியது 2.4. கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆனால் மேலே சொன்ன இறங்குமுகத்தை அது தடுத்திருக்காது, இன்னும் சில எம்.எல்.ஏ.க்கள் கிடைத்திருப்பார்கள், அவ்வளவே.

உளுந்தூர்பேட்டையில் அவரே மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட் இழந்தார். கவனித்தீர்களா, மூன்று சட்டமன்றத் தேர்தலில் மூன்று தொகுதி, எல்லாமே பழைய தென்னாற்காட்டுப் பக்கம். மதுரைக்காரர் மதுரையில் நிற்கவே இல்லை.

எம்.ஜி.ஆர். மாதிரி ஏன் ஆக முடியலை?

எம்.ஜி.ஆர். நடிகராக மட்டும் இருந்து கட்சி தொடங்கியவர் அல்ல. இருபது ஆண்டு திமுகவில் இருந்து, பொருளாளராகி, 1972இல் பிரிந்தபோது கிளைக் கழகங்களையே கையோடு கொண்டுபோனார். விஜயகாந்திடம் இருந்தவை மன்றங்கள். மன்றத் தலைவர் வாக்குச்சாவடி வேலை பார்க்கத் தெரிந்தவராக மாறக் காலம் ஆகும். இரண்டாம் வரிசைத் தலைவர்களும் வளரவில்லை. மனைவி பிரேமலதா, மைத்துனர் சுதீஷ் என்று முடிவுகள் குடும்பத்துக்குள் சுருங்கின.

ஆனால் சிவாஜியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய நடிகர் 1988இல் தனிக்கட்சி கண்டு, 1989இல் திருவையாறில் தானே தோற்றார். அந்தக் கணக்கில் 29 எம்.எல்.ஏ. என்பது லேசுப்பட்டது இல்லை.

விஜய்க்கும் இவருக்கும் என்ன பழக்கம்?

முதல் கேள்விகளில் வந்த எஸ்.ஏ.சந்திரசேகர்தான் இணைப்பு. 'வெற்றி' படத்தில் சிறுவன் விஜய் நடித்தார். 1993இல் விஜய் தடுமாறிக்கொண்டிருந்தபோது 'செந்தூரபாண்டி'யில் அண்ணனாக வந்து தோள் கொடுத்தவர் விஜயகாந்த். 2024இல் விஜய் நடித்த 'கோட்' படத்தில் செயற்கை நுண்ணறிவு மூலம் அவர் உருவத்தைக் குடும்பத்தின் அனுமதியோடு கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு விஜயும் கட்சி தொடங்கினார்.

கடைசியில என்ன ஆச்சு? கட்சி இப்போ யார்கிட்ட?

2023 டிசம்பர் 14 அன்று பொதுக்குழுவில் பிரேமலதா பொதுச்செயலாளர் ஆனார். விஜயகாந்த் நாற்காலியில் மேடைக்கு வந்தார், பேசவில்லை. டிசம்பர் 28 காலை சென்னையில் நிமோனியாவால் இறந்தார், வயது 71. அரசு மரியாதையோடு கோயம்பேடு கட்சி அலுவலக வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். மேம்பாலத்துக்காக ஒரு பகுதி இடிக்கப்பட்ட ஆண்டாள் அழகர் கல்யாண மண்டபம் இருந்த அதே இடம். திமுக தன்னைப் பழிவாங்க இடித்தது என்று அவர் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தார், திமுக மறுத்தது. மறு மாதம் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. மே மாதம் பிரேமலதா டெல்லியில் வாங்கினார்.

2021 சட்டமன்றத் தேர்தலில் கட்சியின் வாக்கு அரை சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணியில் விஜய பிரபாகரன் விருதுநகரில் நின்றார். காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் 4,379 வாக்குகளில் தோற்றார். மூன்றாம் இடத்தில் வந்தவர் பாஜக வேட்பாளர் ராதிகா, 'பூந்தோட்ட காவல்காரன்' படத்தில் விஜய பிரபாகரனின் அப்பாவுக்கு ஜோடி.